வடசேரி, தென்சேரி, திருகோணமலை

என் மனைவி திருமலைக்காரி. நாற்பது வருடத்துக்கு மேலாக மட்டக்களப்பில் என்னோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் கூடைப்பந்து என்று வந்துவிட்டால் பிறந்த ஊரை விட்டுக்கொடுக்க மாட்டாள். போட்டி அட்டவணை கைக்கு வந்ததும், நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் விரல் வைத்துப் பார்த்துவிடுவாள். அவளுடைய ஊர் மேல் பாதியில், என்னுடையது கீழ்ப் பாதியில். "அப்ப கடைசி நாளிலதான் சந்திப்பம்" என்பாள். பெரும்பாலும் சந்திப்பதில்லை. ஏதாவதொரு அணி நடுவழியில் கவிழ்ந்துவிடும். ஒரு கிழமையாக வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம்தான் மிச்சம்.

நான் விளையாடியவன் அல்ல, புள்ளி எழுதியவன். மேசைக்குப் பின்னால் இருந்து எழுதுகிறவனுக்கு ஆட்டம் பாதிதான் தெரியும், சனம் முழுதாகத் தெரியும். இப்படி இரண்டாகப் பிரிந்து நின்று கத்துவதை வெள்ளைக்காரப் பாதிரிமார்தான் நமக்குப் பழக்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

என் பெத்தப்பா படுவான்கரைக்காரர். வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற கரை அது, கிழக்கே எழுவான்கரை. அவர் காலத்தில் மழை பொய்த்தால், அம்மை நோய் பரவினால், கண்ணகை அம்மனைக் குளிர்விக்கக் கொம்புமுறி ஆடுவார்கள். ஊர் இரண்டாகும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். முழங்கையை மடித்தாற்போல் வளைந்த வைரக் கட்டைதான் கொம்பு. ஒரு கொம்பின் வளைவுக்குள் மற்றக் கொம்பின் வளைவைக் கொளுவி, அசையாமல் வரிந்து கட்டி, இரண்டிலும் வடம் பூட்டி இழுப்பார்கள். மணிக்கூடு இல்லை, புள்ளி இல்லை. யாருடைய கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. முறிகிற சத்தம் வாவிக்கு அங்கால கேட்கும் என்பார் பெத்தப்பா. அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டாலே உரித்துவிடும். அந்தப் பாட்டுகளை என்னிடம் சொல்ல அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவர் தென்சேரி, பெத்தா வடசேரி. கொம்பு முறிந்த அன்றைக்குச் சோறு பிந்தும்.

சிங்கள ஊர்களிலும் பத்தினித் தெய்வத்துக்காக இதே ஆட்டம் உண்டு, அங்கெலிய என்று பெயர். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். பாட்டும் பேச்சும் எல்லை மீறியதால் அரசன் தடை போட்டான் என்கிறார். ஆக, பார்வையாளர் நாவடக்கம் என்பது நம் நாட்டில் நேற்று முளைத்த பிரச்சினை அல்ல.

மறுகா பள்ளிக்கூடங்கள் வந்தன. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கியது மெதடிஸ்த மத்திய கல்லூரி; பாவம், அடுத்த வருடமே இறந்துபோனார். புனித மிக்கேல் கல்லூரி 1873இல். இரண்டும் எங்கள் நகரத்துப் புளியந்தீவுக்குள்ளேயே. கிரிக்கெட் என்று வந்தால் எங்கள் வடசேரி தென்சேரி இவைதான்.

கூடைப்பந்துக்குத்தான் எதிரூர் தேவைப்பட்டது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மேல்மாடத்து விளிம்பில் அடித்துத் தொடங்கிய ஆட்டம். அதை எங்கள் ஊரில் வேரூன்ற வைத்தவர்கள் இயேசு சபைத் துறவிகள். 1895இல் வந்த முதல் தொகுதி பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து அமெரிக்கர் வந்தார்கள். ஹரல்ட் வெபர் அடிகளார், யூஜின் ஹேபியர் அடிகளார், பென் மில்லர் அடிகளார் எல்லாரும் அந்த வழி. வெபரின் பெயரில்தான் எங்கள் மைதானம்.

வேடிக்கை என்னவென்றால், எதிரூரான திருமலையின் புனித சூசையப்பர் கல்லூரியிலும் இதே சபைத் துறவிகள்தான். இரண்டு சேரிக்கும் ஒரே தச்சன் கொம்பு செதுக்கினமாதிரி. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்துக்குள்தான் நாங்கள் இருந்தோம். மட்டக்களப்பின் பெயர் 1967இல் கூடச் சேர்ந்தது, தனி மறைமாவட்டம் 2012இல்தான். "அதுவரைக்கும் நீங்க எங்கட ஆக்கள்தானே" என்று மனைவி இப்போதும் குத்திக் காட்டுவாள்.

கரையோரம் போனால் திருமலை பக்கம்தான். ஆனால் அந்த வழியில் முன்பு ஆற்றுக்கு ஆறு பாதை ஏற வேண்டியிருந்தது. வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை. வெருகலில் பாதை, கங்கையில் பாதை, கிண்ணியாவில் பாதை. அதனால் அணிகள் புகையிரதத்தில் வரும்: மேற்கே காட்டுக்குள் கல்லோயாச் சந்தி வரை போய், இறங்கி, மற்ற ரயிலுக்குக் காத்திருந்து, திரும்பக் கிழக்கே. இரவில் கொசுக்கடியோடு அந்தச் சந்தியில் குந்தியிருந்துவிட்டுக் காலையில் ஆட வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தோற்றால் எனக்கே ஒருமாதிரி இருக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபின் அந்தக் கதை மாறிவிட்டது.

ஹேபியர் அடிகளாரைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. 1948இல் வந்தவர், பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர், பிற்காலத்தில் தொழிற்பயிற்சி நிலையம் நடத்தினார். 1990 ஓகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு விழா நாள். வாழைச்சேனையிலிருந்து ஓர் இளைஞனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். முப்பது கிலோமீற்றர் சொச்சம். ஆளும் வரவில்லை, கூடப்போன பிள்ளையும் வரவில்லை, ஸ்கூட்டர்கூடக் கிடைக்கவில்லை. போர் நடந்த அந்த வருடங்களில் புள்ளித்தாள் எதுவும் என் கையில் இல்லை. யார் ஆடுவது, யார் பார்ப்பது?

என் வேலையிலும் காலம் தெரியும். நான் தொடங்கியபோது இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதியில் 1984இல் வந்தது. 2000இல் ஆட்டத்தைப் பத்துப் பத்தாக நாலு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை பழக ஒரு பருவம் போகும்.

ஆனால் நான் விட்ட பெரிய பிழைக்கு விதி காரணமில்லை. 1977இல் திருமலையிலிருந்து வந்த ஓர் அணியோடு ஆட்டம். கடைசி நிமிடங்களில் அவர்கள் போட்ட தண்ட எறிதல் ஒன்றை எங்கள் பக்கத்தில் எழுதிவிட்டேன். வேண்டுமென்று அல்ல; மனைவி இன்றுவரை நம்பவில்லை. மைதானத்து ஓரத்தில், மாமி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண் கொப்பியும் பென்சிலுமாக எழும்பி மேசைக்கு வந்தாள். "அண்ணே, அந்தப் புள்ளி எங்கட." மத்தியஸ்தர் இரண்டு தாளையும் வைத்துப் பார்த்தார். என்னுடையதை அடித்துத் திருத்தினார். நாங்கள் ஒரு புள்ளியால் தோற்றோம்.

அந்தக் கொப்பி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அட்டை போய்விட்டது. பென்சில் எழுத்து மங்கிய இடங்களில் பிறகு யாரோ நீல மையால் மேலே எழுதியிருக்கிறார்கள். கேட்டால் தனக்குத் தெரியாது என்கிறாள்.