யாருக்காகக் கூடுகிறது கூட்டம்?

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு உட்பட்ட பக்கத்தில் இருக்கிறது எங்கள் குடிபாலா. இங்கே தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். மாலை வேளையில் சிறுவர் விளையாடக் கூடினால் முதலில் எழும் கேள்வி, "நீ எந்தக் கட்சி?" என்பதுதான். இது அரசியல் கட்சியன்று. ஆட்டத்தில் பிரியும் கட்சி. சிறுவர் அதற்கு நொடியில் விடை கூறிவிடுவர். பெரியவர்களாகிய நமக்கோ அது எளிய கேள்வியாக இருந்ததில்லை.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள், வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்தெடுத்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. நாம் இப்பக்கமே நின்றோம். கோடு இடம் மாறியதே தவிர, நாம் குடிபெயரவில்லை. ஊரை விட்டுப் போகாமலே வேற்று மாநிலத்தவர் ஆனோம் நாம். பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டுச் சென்று வேற்று மாநிலத்தவர் ஆயினீர் நீங்கள். ஆகவே, 'நம் கட்சி எது?' என்ற கேள்வி இரு திறத்தாருக்கும் பொதுவானது. அதற்குரிய விடையை ஏட்டில் தேடாமல், கால்பந்தாட்டம் காணக் கூடிய மக்கள் வெள்ளத்தின் வரலாற்றில் இன்று தேடிப் பார்ப்போம்.

நம் மாவட்டம் பிறந்த அதே 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், கல்கத்தா மைதானத்தில் இந்தியக் கால்பந்துக் கழகத்தின் கேடயத்திற்கான இறுதி ஆட்டம் நடைபெற்றது. ஒரு பக்கம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவின் வெள்ளையர் குழு. மறுபக்கம், 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகத்தின் வங்க இளைஞர்கள். அவருள் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். சிறப்பு ரயில்களிலும் நீராவிப் படகுகளிலும் மக்கள் வந்து குவிந்தனர். அன்று கூடியவர் அறுபதினாயிரம் முதல் எண்பதினாயிரம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பந்தைக் கண்ணாலும் கண்டிலர். பட்டங்களைப் பறக்கவிட்டு ஆட்டத்தின் நிலையைப் பின்னால் நின்றோருக்கு அறிவித்தனர். முதலில் வெள்ளையர் ஒரு கோல் போட்டனர். பின்னர் சிவதாஸ் பாதுரியும், இறுதி வேளையில் அபிலாஷ் கோஷும் பந்தை வலைக்குள் செலுத்த, மோகன் பகான் 2–1 என்று வென்றது.

காண முடியாத ஆட்டத்திற்கு இத்தனை மக்கள் ஏன் கூடினர்? ஆட்டத்தின் நேர்த்தியைச் சுவைக்க அன்று. நம்மவர் ஆடுகின்றனர், நாம் அருகில் இருத்தல் வேண்டும் என்ற உணர்வே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. கூட்டத்தின் வரலாற்றில் இதுவே முதற்பாடம்.

இரண்டாம் பாடத்தையும் அந்நகரமே தருகிறது. 1920 ஆகஸ்டில் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிற்று. 1947-இல் நாடு பிளவுபட்டபோது, கிழக்கு வங்கத்திலிருந்து வீடும் நிலமும் இழந்து பல இலட்சம் பேர் கல்கத்தாவை அடைந்தனர். அவர்கள் விட்டு வந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்றது அக்கழகம். எனவே அதன் ஆட்டம் நடக்கும் இடமே அவர்களுக்கு ஓர் ஊராயிற்று. அக்கழகம் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சமைத்து மகிழ்வது அந்நகரத்து மரபு.

இனி, நாம் சிறப்பாகக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வீடிழந்த அம்மக்கள் தோள்மீது தூக்கிக் கொண்டாடிய முன்வரிசை ஆட்டக்காரர் ஐவரும் வங்கத்தவர் அல்லர். சாலே, அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், வெங்கடேஷ் ஆகிய ஐவரும் தென்னாட்டினர். 'பஞ்ச பாண்டவர்' என்று வங்க மக்கள் அவர்களைப் போற்றினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளிலும் கேடயம் அக்கழகத்தின் கைக்கே வந்தது. அவர்களின் பிறப்பிடத்தையும் தாய்மொழியையும் யாரும் தடையாகக் கருதவில்லை. நம் சட்டையை அணிந்து நமக்காக ஓடுகிறவன் நம்மவன் என்று அக்கூட்டம் தீர்ப்பளித்தது. புகலிடம் தேடி வந்தவர்களே, வேறிடத்திலிருந்து வந்தவர்களைத் தம்மவராக ஏற்றனர்.

ஆயினும் கூட்டத்தின் பெருமையை மட்டும் கூறி, அதன் கேட்டை மறைத்தல் முறையாகாது. 1980 ஆகஸ்ட் 16-ஆம் நாள், கல்கத்தா ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது, பார்வையாளரிடையே கலகம் மூண்டது. நெரிசலில் 16 பேர் மாண்டனர். ஆட்டம் காணச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்பது எந்தத் தாய்க்கும் ஆறாத் துயரம். ஆண்டுதோறும் அந்நாளில் கால்பந்து அன்பர்கள் இறந்தோரை நினைவுகூர்கின்றனர். 1984-இல் சால்ட் லேக்கில் பேரரங்கம் திறக்கப்பட்டது. அங்கே 1997 ஜூலை 13-ஆம் நாள், கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் சந்தித்தன. அன்று திரண்டவர் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் போட, ஈஸ்ட் பெங்கால் 4–1 என்று வெற்றி கண்டது.

அந்த ஆட்டம் நடந்து இருபத்தோராண்டு கழிந்து, 2018 ஜூன் 1-ஆம் நாள் மும்பையில் இந்திய நாட்டுக் குழு சீன தைபேய் குழுவை 5–0 என்று வென்றது. அதைக் காண வந்தவர் 2,569 பேர் மட்டுமே! மறுநாள் குழுத் தலைவர் சுனில் சேத்ரி, கைகூப்பாத குறையாக மக்களிடம் வேண்டினார். எங்களைப் பழியுங்கள், குறை கூறுங்கள், ஆனால் அரங்கிற்கு வாருங்கள் என்பது அவருடைய வேண்டுகோளின் சாரம். ஜூன் 4-ஆம் நாள் கென்யாவுடன் நடந்த ஆட்டத்திற்கு நுழைவுச் சீட்டுகள் யாவும் விற்றுப்போயின. அது அவர் நாட்டுக்காக ஆடிய நூறாவது ஆட்டம். மூன்று நாட்களில் ஆட்டத்தின் தரம் உயர்ந்துவிடவில்லை. 'நீங்கள் எங்களுக்கு வேண்டும்' என்று ஒருவர் வாய்விட்டுக் கூறினார், மக்கள் வந்தனர்.

இடைக்காலத்தில் மக்கள் எங்கே போயினர்? 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1983-இல் கிரிக்கெட் உலகக் கோப்பை கிடைத்தது. அதன்பின் ஐரோப்பிய நாடுகளின் கால்பந்தாட்டமே வீட்டுக் கூடத்தினுள் புகுந்தது. கல்லெறியும் தொலைவில் உள்ள ஆடுகளத்தை விட்டு, கடல் கடந்த ஆடுகளத்தைக் காணப் பழகினர் மக்கள்.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தும் இதில் துன்புற்றது. டப்ளின் நகரத்து ஆடுகளங்களில் ஒரு காலத்தில் மக்கள் திரளாகக் கூடினர். பின்னர் இங்கிலாந்தின் ஆட்டங்கள் தொலைக்காட்சி வழியே வந்தன; ஐரிஷ் மக்களின் மனம் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் பறந்தது. ஷாம்ராக் ரோவர்ஸ் என்னும் புகழ்மிக்க கழகத்தின் மில்டவுன் ஆடுகளத்தை உரிமையாளர்கள் 1987-இல் விட்டு நீங்கத் துணிந்தனர். அன்பர்கள் மறியல் செய்தும் பயனில்லை. அவ்விடத்தில் வீடுகள் எழுந்தன. அக்கழகம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறர் ஆடுகளங்களில் ஒண்டிக் காலம் கழித்தது. 2005-இல் கடனில் மூழ்கிய கழகத்தை அன்பர்களே கைகொடுத்து ஏற்றனர். 2009-இல் டாலட் என்னுமிடத்தில் அதற்கு இருப்பிடம் கிடைத்தது. மறு ஆண்டே பட்டமும் வந்தது. 2023-இல் அந்நாட்டுக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை டப்ளினில் நேரில் கண்டோர் 43,881 பேர். நிலையான ஓர் இடமும், தமது என்ற உரிமையும் கிட்டினால் மக்கள் திரும்பி வருவர் என்பதற்கு இது சான்று.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதன் மறுதலை. சென்னையின் பெயர் தாங்கிய சென்னை சிட்டி கழகம், 2018–19-இல் கோயம்புத்தூர் நேரு அரங்கைத் தன் ஆடுகளமாகக் கொண்டு ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெயர் ஓர் ஊருக்கும் வெற்றி வேறோர் ஊருக்கும் உரியதாயின. பின்னர் சில ஆண்டுகளிலேயே அது பெரும் போட்டிகளிலிருந்து மறைந்தது. கோப்பை வெல்வது ஓராண்டு வேலை. ஊரின் நெஞ்சில் வேரூன்றுவது ஒரு தலைமுறை வேலை.

அவ்வாறு வேரூன்றிய இடத்தைக் காண வேண்டுமாயின், பெங்களூருக்குச் செல்லுங்கள். 1937-இல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் படைவீரர் அல்லாத இந்தியக் குழுக்களுள் முதன்முதலாக வென்றது பெங்களூர் முஸ்லிம்ஸ் கழகம். மறு ஆண்டும் அதுவே வென்றது. தமிழர் மிகுந்து வாழும் அல்சூர்ப் பகுதியின் கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோர் சிலைகளின் வரிசையில் கால்பந்து வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. பிழைக்க வந்த மக்கள் வந்த இடத்தில் பந்தை உருட்டி, தலைமுறைகள் கடந்து, அதைத் தம் மண்ணாக்கிக் கொண்டனர்.

2018 மார்ச் 17-ஆம் நாள் பெங்களூர் கண்டீரவ அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் சென்னையின் எப்.சி., பெங்களூரு எப்.சி.யை 3–2 என்று வென்றது. கௌதமபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞன் அன்று எக்கட்சிக்காகக் குரல் எழுப்பியிருத்தல் வேண்டும்? தாய்மொழியின் பக்கமா, தான் பந்து உதைத்துப் பழகிய மண்ணின் பக்கமா? எல்லையில் வாழும் நாம் கூறும் விடை இது: எப்பக்கம் நின்றாலும் பிழையில்லை, வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பிழை.

ஆகவே, பெங்களூரிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் அன்பர்களே! உங்கள் தெருவுக்கு அருகில் ஏதேனும் ஓர் ஆடுகளம் இருக்கும். வரும் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். அந்த ஊர்க் குழுவுக்காக நீங்களும் கைதட்டுங்கள். அருகில் நிற்பவரின் மொழி முழுதும் விளங்காமற் போகலாம். பந்து வலையைத் தொடும்போது அவர் உங்கள் தோளைப் பற்றிக் குதிப்பார். அடுத்த வாரம், "ஏன் இவரை இன்னும் காணோம்?" என்று உங்களைத் தேடுவார். நம்மைத் தேட ஒருவர் உள்ள இடமே நமக்கு ஊர்.