வீட்டுக் கணினிகளை இணைப்போம், ஆவணங்களைக் காப்போம்

2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, 2015 இற்குப் பின்னரே சொந்தக் காணியை மீண்டும் மிதித்தன. அதற்கு முன்னர், 2004 மார்கழியில், ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையோரத்தையும் அள்ளிச் சென்றது. ஓடும்போது கையில் எடுத்த பை மட்டுமே மிஞ்சும் என்பதை எம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணாமல் ஆக்கப்பட்ட உறவுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை ஒரே கணினியில் வைத்திருப்பதும் ஒரே பையில் வைத்திருப்பது போன்றதே.

இன்று பல வீடுகளில் ஒரு மேசைக்கணினியும் பிள்ளைகளின் மடிக்கணினியும் ஒரே ரவுட்டரில் இயங்குகின்றன. அவற்றை இணைக்கத் தனிச் செலவு இல்லை.

முதலில், ஒவ்வொரு கணினிக்கும் இலகுவில் அடையாளம் காணக்கூடிய பெயரை இடுங்கள். விண்டோஸ் கணினியில் வீட்டு வைஃபையை மட்டும் ‘பிரைவேட்’ வலையமைப்பாகத் தெரிவுசெய்யுங்கள். வெளியிடங்களில் ‘பப்ளிக்’ என்றே இருக்கட்டும். முழு வன்தட்டையும் பகிராமல், ‘ஆவணங்கள்’ என்ற ஒரு கோப்புறையை மட்டும் கடவுச்சொல்லுடன் பகிருங்கள். அச்சுப்பொறி ஒன்று இருந்தால் அதையும் இவ்வாறே பகிரலாம்.

அடுத்து, அக்கோப்புறை எல்லாக் கணினிகளிலும் தானாகப் பிரதியாக வேண்டும். சின்க்திங் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. நிறுவிய பின், இணையம் துண்டிக்கப்பட்டாலும் ஒரே வைஃபையில் உள்ள கணினிகளுக்கிடையே அது இயங்கும். ஆனால் அவை ஒரே நேரத்தில் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கணினியில் கோப்பொன்றை அழித்தால் மற்றவற்றிலும் அது அழிந்துவிடும். ஆகவே பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை அந்த மென்பொருளின் அமைப்புகளில் இயக்கிவிடுங்கள்.

வெள்ளமோ தீயோ வந்தால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் ஒன்றாகவே போகும். எனவே கடவுச்சொல்லால் பூட்டிய பென்டிரைவ் ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

ஸ்கேன் செய்த படம் மூல உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை கையில் இருந்தால், காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதியைக் கோருவது இலகு. வெறுங்கையுடன் திரும்பி வந்தவர்களுக்கு அந்த மூன்று விபரங்களின் பெறுமதி தெரியும்.