மூப்பெய்திய குதிரை

குதிரைகளின் வீரத்தைப் பற்றி நூல்கள் நிறையவே பேசுகின்றன. அவை ஓடிய ஓட்டத்தையும் தாண்டிய அகழிகளையும் புலவர் பலர் பாடியுள்ளனர். ஆனால் ஒரு குதிரையின் முதுகில் அதன் உடையவர் கடைசியாக ஏறிய நாள் எது, அந்நாளை அவர் எதைக் கொண்டு முடிவு செய்தார் என்று தேடப் புகுந்தால், ஏடுகள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. தம்மைப் பல ஆண்டுகள் சுமந்த பிராணியை இன்னும் எத்துணைக் காலம் சுமக்கச் சொல்வது? நிறுத்திவிட்டால் அதன் பின் அதை என்ன செய்வது? இவ்விரு கேள்விகளுள் முதலாவதையே மக்கள் பெரிதாக எண்ணுகின்றனர். நமக்கோ இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

குதிரையின் இளமைக்குக் கணக்கு உண்டு. பால் முன்பற்கள் இரண்டரை வயதளவில் விழத் தொடங்கி, ஐந்தாம் வயதில் நிலைப்பற்கள் நிரம்பிவிடும். பல் மாறும் படிகளுக்கெல்லாம் அரபிகள் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். பற்கள் நிரம்பிய குதிரைக்குக் ‘காரிஹ்’ என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தில், வயது நிரம்பிய குதிரைகளுக்கு மற்றவற்றைவிட நெடிய தூரத்தை வகுத்துக் கொடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. வயதறிந்து வேலை கொடுத்தல் என்னும் முறை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதுமைக்கோ இத்துணைத் தெளிவான கணக்கில்லை. பல்லின் மேற்பரப்பிலுள்ள குழிகள் தேய்ந்து மறையும். பற்கள் நீண்டு முன்னோக்கிச் சாயும். பத்து வயதளவில் மேல்வரிசை ஓரப் பல்லில் ஒரு கீற்று தோன்றி, ஏறக்குறைய இருபதில் பல்லின் அடிவரை இறங்கும். கண்ணுக்கு மேலே பள்ளம் விழும், முதுகு தொய்யும். இவையெல்லாம் வயதைச் சொல்லுமேயன்றி வலிமையைச் சொல்லா. பதினாறு வயதிலேயே தடுமாறும் குதிரையும் உண்டு. இருபத்தைந்திலும் ஒரு சிறுவனைச் சுமந்து மகிழ்ச்சியாக நடைபோடும் குதிரையும் உண்டு. சமதரையில் கால் இடறுகிறதா, இரைத்த மூச்சு அடங்க நேரமாகிறதா, சேணத்தைக் கண்டதும் காதுகளை மடித்துக்கொள்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பவனுக்கே உண்மை விளங்கும். ஏறுவதை ஒரேயடியாக நிறுத்தி லாயத்தில் கட்டிப்போடுவதும் நன்றன்று. மூட்டுகள் இறுகிப்போன முதிய குதிரைக்கு மெதுவான நடை நன்மை தரும் என்பதே கால்நடை மருத்துவர்களின் கருத்து. ஆகவே இது ஒரு நாளில் எடுத்து முடிக்கும் முடிவன்று. போரை விடுத்து நெடும்பயணம், அதை விடுத்து ஊர்ச் சவாரி, அதையும் விடுத்து வெறுங்கை நடை எனப் படிப்படியாக இறங்க வேண்டிய ஒன்று.

இப்படி இறங்க முயன்று, பாதிப் படியில் நின்றுவிட்ட ஒருவரை வரலாறு காட்டுகிறது. அவர் மாசிடோனியாவின் அலெக்சாந்தர். சிறுவராயிருந்தபோது, தன் நிழலைக் கண்டு மிரண்ட குதிரையைச் சூரியனை நோக்கித் திருப்பி அடக்கினார் என்னும் கதையைப் பள்ளியில் படிக்காதவர் குறைவு. அக்குதிரையே புசெபலஸ், காளைத்தலை என்பது அப்பெயரின் பொருள். அதன் முதுமையைப் பற்றி நம் பாடநூல்கள் சொல்வதில்லை. கி.மு. 331-இல் கவ்கமேலாப் போர்க்களத்தில் அணிவகுப்பைச் சீர்செய்யவும் வீரர்களைப் பார்வையிடவும் அவர் வேறு குதிரையில் சென்றார். புசெபலசுக்கு வயது கடந்துவிட்டதால் அதை மிச்சப்படுத்தினார். தாக்குதல் தொடங்கும் நேரத்தில் மட்டும் அதை வரவழைத்து ஏறிக்கொண்டார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பண்டை ஆசிரியர்கள் தரும் வயதுக் கணக்கு சரியானால் அன்று அதற்கு இருபத்தைந்து வயது.

இதைக் கருணை என்று சிலர் போற்றுவர். நமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. எளிய வேலையிலிருந்து விடுவித்து, உள்ளவற்றுள் கடினமான வேலையை மட்டும் ஒரு கிழக் குதிரைக்கு வைத்துக்கொண்டது என்ன கணக்கு? வெற்றியும் அந்தக் குதிரையும் ஒன்றே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊறியிருக்க வேண்டும். அன்பு இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. வழியில் ஒரு சமயம் அக்குதிரை களவு போனபோது, திருப்பித் தராவிட்டால் அந்நாட்டாரை அடியோடு அழிப்பதாக அவர் மிரட்டி மீட்டார். கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னனுடன் நடந்த போரை ஒட்டி அது இறந்தது. காயத்தால் இறந்தது என்பாரும் உளர். வெப்பமும் மூப்பும் வாட்டியதால் இறந்தது என்பது அரியனின் கூற்று. அப்போது அதற்கு வயது முப்பது என்கிறார்கள். ஆற்றங்கரையில் அதன் பெயரால் ஒரு நகரமே எழுந்தது. நகரம் கிடைத்த குதிரைக்குப் புல்வெளியில் ஓய்வாக ஓராண்டு கிடைக்கவில்லை.

முதுமை என்னும் கேள்வியே எழாத இடமும் இருந்தது. அது நம் கடற்கரைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறங்கின என்பதை மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் எழுதியுள்ளனர். தட்பவெப்பம் ஒவ்வாமலும் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமலும் அவற்றுள் மிகப் பல விரைவிலேயே மடிந்தன. அதனால் ஆண்டுதோறும் புதியவை வேண்டியிருந்தன. வாணிகர் செழித்தனர். இறக்கிய பொருள் நீடித்து நிலைக்காததே இலாபமாகிவிட்ட வாணிகம் அது. நம் முன்னோர் பலருக்குப் பங்குள்ள வரலாறு என்பதால் இதை மறைக்காமல் சொல்லவேண்டியுள்ளது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மதீனாவில் அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதைத் தடவிக் கொடுத்து அமைதிப்படுத்திய பெருமானார், உடையவரை அழைத்து, அதைப் பட்டினி போட்டுச் சோர்வடையும்படி வேலை வாங்குவதைக் கண்டித்தார்கள். வேறோர் அறிவிப்பில், நீர் இறைத்து உழைத்த ஒட்டகத்தை முதுமை வந்ததும் அறுக்க எண்ணியதே அதன் முறையீடாக வருகிறது.

இந்த உணர்வைச் சட்ட வடிவில் வகுத்தவர்களுள் ஒருவர், டமாஸ்கஸில் பிறந்து ஹிஜ்ரி 660-இல், அதாவது கி.பி. 1262-இல், கெய்ரோவில் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ் ஸலாம் (ரஹ்) ஆவார். மன்னர்களையே எதிர்த்து நின்ற மார்க்க மேதை. தம்முடைய ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன் மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை அன்னார் எடுத்துரைக்கிறார். தொடக்கத்திலேயே நிற்பது தீவனம். பிராணி நோயுற்றாலும் முடங்கிப்போனாலும், அதனால் இனிப் பயனேதும் இல்லை என்றாலும், அதற்குத் தகுந்த செலவை உடையவன் செய்தே தீரவேண்டும் என்கிறார். தாங்காத சுமையை ஏற்றக் கூடாது என்பது அதற்கு அடுத்தே வருகிறது. இந்த வரிசை நம் கருத்தைக் கவர்கிறது. எப்போது இறங்குவது என்பது குதிரைக்குக் குதிரை மாறும். இறங்கிய பின்னும் தீவனக் கடன் தீராது என்பது மாறுவதில்லை.

இக்கடனை ஏழை ஒருவன் எங்ஙனம் சுமப்பான்? டமாஸ்கஸ் நகரம் இதற்கும் வழி கண்டிருந்தது. உழைத்து ஓய்ந்து, உடையவர்களால் கைவிடப்பட்ட குதிரைகள் சாகும்வரை மேய்வதற்கென்று ஒரு பசும்புல்வெளி அங்கே வக்ஃபாக விடப்பட்டிருந்தது என்றும், பிற்காலத்தில் நகர விளையாட்டரங்கு எழுந்தது அந்நிலத்தில்தான் என்றும் சிரியா நாட்டு அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாயீ எழுதியுள்ளார்.

ஆங்கிலேயர் வரலாற்றிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்ற படைத்தலைவர்களுள் ஒருவரான வெல்லஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனார். 1815-இல் வாட்டர்லூவில் நாள் முழுதும் அவரைச் சுமந்தது கோபன்ஹேகன் என்னும் குதிரை. அதை அவர் தம் பண்ணையில் ஓய்வாக வாழவிட்டார். 1836-இல் இருபத்தெட்டு வயதில் இறந்தபோது படை மரியாதையுடன் அடக்கம் செய்தார்.

ஆனால் இவை தளபதிகளின் குதிரைகள். பெயரில்லாத குதிரைகளின் கதை வேறு. முதல் உலகப் போர் 1918-இல் முடிந்ததும், எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் பணியாற்றிய ஆங்கிலப் படைக் குதிரைகள் பல கெய்ரோவில் விற்கப்பட்டன. விற்பனை சட்டத்துக்கு உட்பட்டதுதான். நமது ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களும், தீவனம் கொடுக்க இயலாதவன் பிராணியை விற்றுவிடலாம் என்றே சொல்கின்றன. கடனும் வாங்கியவன் மீது சேர்கிறது. ஆனால் வாங்கியவன் விற்றவனைவிட ஏழையாயிருந்தால்?

1930-இல் படை அதிகாரியின் மனைவியாகக் கெய்ரோவுக்கு வந்த டாரத்தி புரூக் அம்மையார் இதற்கு விடையைத் தெருவில் கண்டார். படை முத்திரையைத் தாங்கிய குதிரைகள், இருபது வயதைக் கடந்தும் எலும்புந்தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. 1931-இல் ‘மார்னிங் போஸ்ட்’ இதழுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்த மக்கள் பொருள் அனுப்பினர். அதைக் கொண்டு ஏறக்குறைய ஐயாயிரம் குதிரைகளை அவர் விலைக்கு வாங்கினார். பறித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டிக்காரர்களின் அன்றாடச் சோறு அந்த எலும்புக் கூட்டைத்தான் நம்பியிருந்தது. பெரும்பாலானவை தேற்ற முடியாத நிலையை அடைந்திருந்தன. அவற்றுக்கு வயிறாரத் தீவனமும் சிறிது ஓய்வும் கொடுத்தபின், நோவின்றி முடிவு தந்தனர். 1934-இல் அதே நகரில், ஏழைகளின் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் மருத்துவமனை ஒன்றை அம்மையார் நிறுவினார்.