கல் வந்த வழி: அகலிகைக் கதையின் மறுகூறல்கள்

அகலிகை என்றதும் நமக்குக் கல்தான் நினைவுக்கு வருகிறது. வால்மீகியின் பாலகாண்டத்தில் அந்தக் கல் இல்லை. காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் படாமல் இருக்கும்படிதான் கணவர் கௌதமர் சபிக்கிறார். சாபம் நீங்கியதும் இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகிறார்கள். கௌதமர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே அவள் இணங்கினாள் என்பதையும் வால்மீகி மறைக்கவில்லை.

தமிழில் கல் கம்பனுக்கும் மூத்தது. பரிபாடலின் 19ஆம் பாடல், திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களைப் பார்த்து வருவோர் ஒருவருக்கொருவர் காட்டிப் பேசுவதைச் சொல்கிறது: பூனையாக இந்திரன், அருகே அகலிகை, சினந்த கௌதமன், அவள் கல்லுருவான நிலை. புராணம் படித்தவர்கள் மட்டுமன்றி, மலைக்கு வந்துபோகிறவர்களும் சுவரோவியத்தில் அடையாளம் கண்ட கதை இது.

கம்பன் இந்தக் கல்லை எடுத்துக்கொண்டான். இராமனின் பாதத்துகள் பட்டுக் கல் பெண்ணாகிறது; வால்மீகியில் வணங்கிய பாதங்கள் இங்கே மீட்கும் பாதங்கள். அறிந்தாளா என்ற கேள்விக்கும் அவனிடம் நுட்பமான விடை உண்டு. முதலில் அறியவில்லை, இடையில் உணர்ந்தாள், உணர்ந்த பின்பும் விலகவில்லை. இதையும் சொல்லிவிட்டு, நெஞ்சால் பிழை செய்யாதவள் என்று முனிவன் வாயால் அவளை ஏற்கச் செய்கிறான். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று உரையாசிரியர்கள் சமாதானம் தேடலாம். எனக்கு அந்த ஒட்டாமைதான் பின்வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தது என்று தோன்றுகிறது.

1914இல் வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியாரின் ‘அகலிகை வெண்பா’ வந்தது. காப்பியத்தில் கிளைக்கதையாக இருந்தவள் தனி நூலுக்குத் தலைவியானாள்.

பெரிய திருப்பம் புதுமைப்பித்தனுடையது. அவர் இக்கதையை இருமுறை எழுதினார். முதலில் எழுதிய ‘அகல்யை’யில் சாபமே கிடையாது. கற்பு மனத்தூய்மையில்தான் இருக்கிறது என்று கௌதமன் தேற்றுகிறான். இந்திரனையும் மன்னித்து அனுப்புகிறான். நல்லெண்ணம் மிகுந்த கதை, ஆனால் கல்லை விட்டுவிட்டதால் கனம் குறைந்த கதை. 1943இல் கலைமகள் இதழில் வந்த ‘சாபவிமோசனம்’ கல்லிலிருந்தே தொடங்குகிறது. அவள் எழுந்தபின் என்ன நடந்தது? முன்னோர் எவரும் நின்று கேட்காத கேள்வி அது. மன்னிக்கப்பட்டவள் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறாள். கணவனின் ஒவ்வொரு சொல்லிலும் வேறு பொருள் தேடுகிறாள். இலங்கையிலிருந்து மீண்ட சீதை அவளைக் காண வருகிறாள், தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மீட்டவனே தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்று அகலிகைக்கு அப்போதுதான் தெரிகிறது.

முடிவில் கௌதமன் அவளைத் தழுவ வருகிறான். வருகிறவன் கௌதமன் வேடத்து இந்திரனாகவே அவளுக்குப் படுகிறது. அவள் மீண்டும் கல்லாகிறாள்.

வால்மீகியின் சாபத்தை வைத்து இந்த முடிவை எழுதியிருக்க முடியாது. கண்ணுக்குப் படாமல் போகிறவளைக் கௌதமன் கையில் பற்றிக்கொண்டு நிற்க முடியாதல்லவா? பரங்குன்றத்துச் சுவரிலும் கம்பன் பாட்டிலும் தண்டனையாகக் கிடந்த கல், புதுமைப்பித்தனிடம் அவளே புகுந்துகொள்ளும் இடமாகிவிடுகிறது. இந்த இரண்டாவது கல்லைத் தொட்டு எழுப்ப இராமன் வரவில்லை. கௌதமன் துறவியாகிக் கைலாயத் திசையில் தனியே நடந்துபோகிறான்.