ரயிலைச் சோதிப்பவர் ஏன் விமானத் துறையில் இருக்கிறார்?

நம் நாட்டில் ஒரு புதுப் பாதையில் பயணிகளை ஏற்றி ரயில் ஓட்டலாமா கூடாதா என்று சொல்கிற அதிகாரிக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று பெயர். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அவருடைய ஆணையம் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கேட்டால், யாரோ ஒரு கிளார்க் கோப்பைத் தவறான அலமாரியில் வைத்துவிட்டார் போல என்றுதான் தோன்றும். இல்லை, வேண்டுமென்றே செய்தது. இதற்குப் பின்னால் ஒரு பெரிய விபத்தும் கொஞ்சம் நீளமான கதையும் இருக்கின்றன.

இந்தக் கதையைத் தோண்டப் போனதற்குக் காரணம் டிரைவர் இல்லாத கார். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால் ஆலங்குளத்துக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "ஏம்ப்பா, கரண்டுல ஓடுற கார் தானாவே போகுமாமே, அதுல நீ ஏறுவியா?" சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்வந்த ரோடு அது. குறுக்கே ஆடு வரும், எதிரே லைட் போடாத டிராக்டர் வரும். அந்த ரோட்டை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு "சென்சார் இருக்குண்ணே" என்பது பதில் ஆகாது. அந்தச் சென்சார் சரியாக வேலை செய்கிறது என்று நமக்கு யார் சொல்கிறார்கள், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தானியங்கி என்பது புதிதாக இருக்கலாம், மின்சார வண்டி நமக்குப் புதிதே இல்லை. சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுதான் முதல். லண்டன் தெருக்களில் மின்சார டிராம் வழக்கமாக ஓட ஆரம்பித்தது 1901-ல்தான். சென்னையில் முதலில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே பள்ளம் தோண்டி, அதற்குள் மின்கடத்தியை வைத்திருந்தார்கள். சென்னை மழையில் அந்தப் பள்ளம் என்ன ஆகும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மேலே கம்பி கட்டினார்கள். 1953-ல் டிராம் நின்றுபோனது கம்பெனி நஷ்டத்தால், யாரும் பயந்து ஏறாமல் போனதால் அல்ல.

இப்போது அந்த விபத்து. 1937 ஜூலை 17, பீகாரில் பாட்னாவுக்கு அருகே பிட்டா என்ற இடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் தடம்புரண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதை இழுத்து வந்தது எக்ஸ்பி என்ற வகை எஞ்சின். வேகம் எடுத்தால் இடமும் வலமுமாக ஆடித் தண்டவாளத்தையே நெளிக்கும் குணம் அந்த வகைக்கு உண்டு. இது ரயில்வேக்காரர்களுக்கு விபத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினை வாங்கியது, ஓட்டியது, அது பத்திரமானதா என்று பார்த்தது எல்லாமே கடைசியில் ஒரே ரயில்வே போர்டுக்கு அடங்கிய ஆட்கள். வாங்கியவரிடமே போய் "நீங்க வாங்கினது சரியில்லை" என்று எத்தனை தடவை சொல்ல முடியும்?

விபத்துக்குப் பின் இந்த எஞ்சின்களை ஆராய பசிபிக் லோகோமோட்டிவ் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார்கள். தலைவர், பிரிட்டனில் ரயில்வே ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட் என்பவர். எஞ்சின், தண்டவாளம் பற்றியெல்லாம் சொன்னதோடு, ஆய்வாளர்கள் ரயில்வே போர்டுக்குக் கீழே இருப்பது சரியில்லை என்ற கருத்துக்கும் அது வலு சேர்த்தது. 1941 மே மாதம் ஆய்வாளர்களைப் பிரித்து, அப்போது அஞ்சலும் விமானமும் சேர்ந்திருந்த இலாகாவில் போட்டார்கள். ரயிலோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத ஏதோ ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அஞ்சல் பிரிந்து போனது, விமானம் தங்கிவிட்டது. 1961-ல் ஆணையம் என்று பெயர் மாறியது. நான் படித்த நிர்வாக முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எங்கள் தொழிலில், ரிலீஸ் தேதிக்குப் பொறுப்பானவரே டெஸ்டருக்கும் மேலதிகாரியாக இருந்தால் பக் எல்லாம் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும்.

தெற்கே இருப்பவர்களுக்கு ரயில் விபத்து என்றால் நினைவுக்கு வருவது அரியலூர். 1956 நவம்பர் 23 அதிகாலை, வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் மறுநாள் அடுத்த பாலத்தில் ஏறுகிறவருக்கு அமைச்சர் விலகினாரா என்பதைவிட, அந்தப் பாலத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா என்பது முக்கியம். இந்த இரண்டாவது விஷயத்தை நாம் கொண்டாடுவதே இல்லை.

டிரைவர் இல்லாத வண்டியில் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது? டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையைப் பாருங்கள். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, 2017 டிசம்பர் 19 அன்று, தானியங்கி வசதி கொண்ட ஒரு ரயில் காளிந்தி குஞ்ச் பணிமனையின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கம்ப்யூட்டர் தப்பு இல்லை. பராமரிப்புக்குப் பிறகு பிரேக்கைச் சரிபார்க்காமல் நகர்த்திய மனிதத் தவறு என்று மெட்ரோ நிர்வாகம் சொன்னது. பாதை டிசம்பர் 25 அன்று திறந்தது, ஆனால் டிரைவரோடு. டிரைவர் இல்லாத ஓட்டம் தொடங்கியது 2020 டிசம்பர் 28-ல். தொழில்நுட்பம் கையில் இருந்தும் மூன்று வருஷம் ஆள் வைத்தே ஓட்டினார்கள். நம் பூந்தமல்லி பணிமனைக்கு டிரைவர் இல்லாத முதல் மெட்ரோ ரயில் 2024 அக்டோபரில் வந்தது. முதல் சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில். இந்த மெதுவைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

சிங்கப்பூர் கதை இன்னும் சுவாரசியம். அங்கே சர்க்கிள் லைன் முழுக்க டிரைவர் இல்லாதது. 2016-ல் ரயில்கள் திடீர் திடீரென்று சிக்னலை இழந்து தானாக அவசர பிரேக் போட்டு நின்றன. காரணம் பிடிபடவில்லை. அரசின் டேட்டா ஆட்கள் சிலர் உட்கார்ந்து, எந்த நேரத்தில் எந்த இடத்தில் நின்றது என்று புள்ளி வைத்துப் பார்த்தார்கள். புள்ளிகள் சிதறிக் கிடக்காமல், ஒரு ரயில் போகும் வேகத்தில் வரிசையாக நகர்ந்தன. அதாவது எதிர்த் தண்டவாளத்தில் போகும் ஏதோ ஒன்று, தான் கடக்கிற ரயில்களை எல்லாம் நிறுத்திக்கொண்டே போகிறது. பிவி46 என்ற ஒரே ஒரு ரயிலின் கோளாறான கருவிதான் அது. நான் மெச்சுவது கண்டுபிடித்ததை மட்டும் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தோம் என்று படம் போட்டு, கோடையும் எடுத்துக்காட்டி, எல்லோரும் படிக்கும்படி எழுதினார்கள்.

இங்கே ரயிலின் ஒரு வசதியைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நின்றுவிடு. ரயிலுக்கு அநேகமாக அது போதும். காருக்குப் போதாது. 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் நிறுவனத்தின் டிரைவர் இல்லாத மின்சார கார் முன்னால் விழுந்தார். கார் பிரேக் போட்டது, ஆனாலும் அவர் மேல் ஏறியது. பிறகு பக்கவாட்டில் இடி வாங்கியதாகத் தப்பாகக் கணித்து, "பத்திரமாக ஓரங்கட்டுகிறேன்" என்று அடியில் சிக்கியவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. பாதுகாப்புக்காக எழுதிய கோடுதான் அந்த வேலையைச் செய்தது. ஆனால் அந்த நிறுவனத்தைச் சாய்த்தது இது மட்டும் இல்லை. இழுத்துப்போன பகுதியை அதிகாரிகளிடம் சரியாகச் சொல்லவில்லை. அக்டோபர் 24 அன்று கலிஃபோர்னியா உரிமத்தை நிறுத்தியது. பொய்யான அறிக்கை கொடுத்ததாக மறுவருடம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் ரோபோ டாக்ஸிக்குப் பணம் போடுவதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது.

நம் ஊருக்கு வருவோம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தீயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், சிவகாசி எட்டிய தூரம்தான். எங்கள் சித்தப்பா அன்றிலிருந்து ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில்தான் சார்ஜ் போடுகிறார், மழை வந்தால் பிடுங்கிவிடுகிறார். அரசு சும்மா இருக்கவில்லை. டிஆர்டிஓவின் தீ ஆய்வு மையத்தை விசாரிக்கச் சொன்னது, நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வண்டிகளைத் திரும்பப் பெற்றன, பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக இறுகியது. ஆனால் "நீ வச்சிருக்கிற வண்டி இந்த விதிக்கு முந்தினதா பிந்தினதா?" என்று கேட்டால் சித்தப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

சாலை வண்டிக்கு நம்மிடம் இருப்பது என்ன? விற்பனைக்கு முன் மாதிரி வண்டியைச் சோதிக்கும் மையங்கள் உண்டு, புனேயில் ஒன்று, ஒரகடத்தில் ஒன்று. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. ஆனால் ஒரு விபத்து நடந்தால் எஃப்ஐஆர் போடுவது லோக்கல் ஸ்டேஷன். அந்த சப்-இன்ஸ்பெக்டர் டயர் தடத்தை அளப்பார், குடித்திருந்தாரா என்று பார்ப்பார். எந்த சாஃப்ட்வேர் வெர்ஷன் ஓடியது, கேமராவில் என்ன பதிவானது என்று யாரிடம் கேட்பார்? வண்டியைச் செய்த நிறுவனத்திடமே கேட்க வேண்டும். பிட்டாவுக்கு முந்தைய நிலைமை இதுதான். நிதின் கட்கரி டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் விடமாட்டோம் என்று 2017-லிருந்து சொல்லிவருகிறார். அவர் முக்கியமாகச் சொல்லும் காரணம் டிரைவர்களின் வேலை. நியாயமான கவலை. பாதுகாப்பை யார் சரிபார்ப்பது என்ற பேச்சே அதனால் இங்கே எழவில்லை.

ரயில் ஆணையத்தையும் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. அதன் விபத்து விசாரணை அறிக்கைகள் முழுசாகப் பொதுமக்கள் கைக்கு வருவது அபூர்வம். தனி அலமாரியில் வைத்தோம், சரி. அலமாரிக்குப் பூட்டும் போட்டுவிட்டோம்.