உறைந்த ஏரியும் உப்புக் கடலும்

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கிய நேரலையில் கடல் நீரோட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எங்கடின் என்றதும் நம் வாசகர்களுக்கு நீட்சேதான் நினைவுக்கு வருவார். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில், சில்ஸ் மரியா என்ற கிராமத்தில், 1881இலும் பிறகு 1883 முதல் 1888 வரையும் அவர் கோடைகாலத்தைக் கழித்தார். அவர் நடந்தது கோடையின் ஏரிக்கரையில். நான் பேசப்போவது அதே ஏரியின் குளிர்காலத்தைப் பற்றி. அங்கே தொடங்கினால் அண்டார்க்டிகாவின் கடலைப் புரிந்துகொள்வது எளிது.

சில்ஸ் ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,797 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆழம் 71 மீட்டர். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்ததும் இந்த இறக்கம் நின்றுவிடுகிறது. ஏனென்றால் நன்னீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமானது. அதற்கும் கீழே குளிர்ந்தால் அது லேசாகி மேலேயே தங்கி உறைகிறது. 1969 முதல் மார்ச் மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பனிமூடியின் மேல் பனிச்சறுக்கு மாரத்தான் ஓடுகிறார்கள். அடியில் இருக்கும் நீர் ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கிறது.

கடலும் இப்படித்தானா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், மிதவெப்பமண்டல அட்லாண்டிக்கில் ஒரு விசேஷ வாளியைக் கயிற்றில் கட்டி சுமார் 1,600 மீட்டர் ஆழம்வரை இறக்கினார். மேலே 29 டிகிரி, கீழே 12 டிகிரி. அந்தக் குளிர்ந்த நீரைக் குளிப்பதற்கும் மது பாட்டில்களைக் குளிர்விக்கவும் பயன்படுத்திக்கொண்டார். அது அடிமை வணிகக் கப்பல் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஆழ்கடலின் குளிரை மனிதர்கள் முதலில் அறிந்தது அப்படியொரு கப்பலின் தளத்தில்தான்.

அடுத்து வருகிறவர் சுவிஸ்காரர். ஜெனீவாவின் சோசூர், ஆல்ப்ஸ் ஏரிகளின் அடியில் வெப்பமானியை இறக்கி அங்கே குளிர் தங்கியிருப்பதைக் கண்டார். 1780இல் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் அளந்தபோதோ 13 டிகிரிதான் இருந்தது. அட்லாண்டிக்கின் ஆழம் அதைவிடக் குளிர்ந்தது என்பது பின்னர் தெரிந்தபோது, இந்த எண் ஒரு தடயமாக மாறியது. ஜிப்ரால்டரின் அடித்தளம் ஒரு வாசற்படி போல உயர்ந்திருக்கிறது. அதைத் தாண்டி ஆழ்கடலின் குளிர்நீர் உள்ளே வர முடியாது. அப்படியானால் பெருங்கடலின் குளிர் அந்தந்த இடத்தில் உண்டானதல்ல, எங்கிருந்தோ வருவது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரம்ஃபோர்டு பிரபு அந்த ஊரைச் சொல்லிவிட்டார்: துருவம். அங்கே மூழ்கும் நீர் அடியில் ஊர்ந்து நிலநடுக்கோட்டை நோக்கி வருகிறது என்றார்.

ஆனால் எந்த இடத்தில், எப்படி மூழ்குகிறது? வடக்கே, ஆமுன்சென் 1901இல் எடுத்த அளவீடுகளை ஆராய்ந்து நான்சென் 1906இல் ஒரு விடை சொன்னார். பாரன்ட்ஸ் கடலின் ஆழமற்ற கண்டத்திட்டில் கடல் உறையும்போது கனத்த நீர் பிறக்கிறது. தெற்கே, ஃபில்ஷ்னரின் ‘டாய்ச்லாந்து’ கப்பல் 1912 மார்ச் முதல் நவம்பர் வரை வெடல் கடலின் பனியில் சிக்கி மிதந்தது. தலைவர் ஃபாசல் அந்தக் குளிர்காலத்தில் இறந்துபோனார். அந்தச் சிறைவாசத்திலும் பிரெனெக்கே கடல் நீரை அளந்துகொண்டே இருந்தார். அண்டார்க்டிக் அடிநீரின் பிறப்பிடம் அங்குள்ள கண்டத்திட்டு என்ற முடிவை 1921இல் வெளியிட்டார்.

அது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள நாம் தூத்துக்குடிக்குப் போனால் போதும். உப்பளத்தில் வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. துருவத்தில் அதே வேலையைக் குளிர் செய்கிறது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.9 டிகிரியில் உறையும். பனிக்கட்டி உப்பின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். கண்டத்திலிருந்து இறங்கும் காற்று புதுப் பனியைக் கரையிலிருந்து விலக்கிக்கொண்டே இருப்பதால், திறந்த நீர் மறுபடி மறுபடி உறைகிறது. எஞ்சிய நீர் உப்பேறிக் கனத்துக் கண்டத்திட்டில் தேங்குகிறது. அதில் ஒரு பகுதி மிதக்கும் பனித்தட்டுக்கு அடியில் புகுந்து அதைச் சற்று உருக்கி, மைனஸ் 2 டிகிரிக்கும் கீழான குளிரோடு வெளியே வருகிறது. பிறகு திட்டின் விளிம்பைத் தாண்டிச் சரிவில் இறங்கி, வழியில் பிற நீரோடு கலந்து, உலகின் ஆழ்கடல்களுக்குப் பரவுகிறது. இந்தியப் பெருங்கடலின் அடியாழத்துக்குப் பிராணவாயு இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஆக, ஏரிக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு உப்பு. அதே குளிர் ஏரியை மூடிவைக்கிறது, கடலை ஓடவைக்கிறது.

இப்போது நிலைமை மாறிவருகிறது. அண்டார்க்டிகாவின் பனி உருகி நன்னீர் கலந்தால், திட்டின் நீர் லேசாகிவிடும். லேசான நீர் மூழ்காது. கனத்த நீர் குறைந்தால், வெளியே ஆழத்தில் காத்திருக்கும் வெதுவெதுப்பான நீர் திட்டின் மேல் ஏறிப் பனித்தட்டுகளை அடியிலிருந்து தின்னும். அதில் பிறக்கும் நன்னீர் மேலும் லேசாக்கும். துருவக் கண்டத்திட்டு மெல்ல மெல்ல எங்கடின் ஏரியைப் போல ஆவது என்று இதைச் சொல்லலாம். வெடல் கடலில் கடந்த முப்பது ஆண்டுகளாக அடிநீர் குறைந்துவருகிறது. கடற்பனி உருவாவது தளர்ந்தது அதற்கு ஒரு காரணம்.

எங்கடினில் மோர்டெராட்ச் பனியாறு எந்த ஆண்டில் எதுவரை நீண்டிருந்தது என்று நடைபாதை நெடுகப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போது இழப்பு காலுக்குத் தெரிகிறது. கண்டத்திட்டில் அப்படிப் பலகை நட முடியாது. அங்கே நமக்கு இருப்பவை எல்லிஸின் வாளி முதல் இன்றைய கருவிகள்வரை மனிதர்கள் கீழே இறக்கிய வெப்பமானிகள் மட்டும்தான். அந்த அளவீட்டு வரிசை அறுபடாமல் இருந்தால்தான், கடல் நின்றுபோவதற்கு முன்பே நாம் அறிந்துகொள்ள முடியும்.