போக்காடும் பலிகடாவும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்கின்றனர். 'ஸ்கேப்கோட்' என்பதற்கு எதிரே 'பலிகடா' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பிறர் குற்றத்தைச் சுமப்பவன் என்ற அளவில் பொருளும் சரியே. ஆயினும் அச்சொல் பிறந்த இடத்தை நோக்குவோமாயின், அந்த ஆடு வெட்டப்படவேயில்லை என்று காண்போம்.

லேவியர் நூலின் 16ஆம் அதிகாரத்தில், பாவக்கழுவாய் நாளன்று இரு வெள்ளாட்டுக் கிடாய்கள் நிறுத்தப்படுகின்றன. சீட்டு விழுந்தபடி ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமீது ஆரோன் இரு கைகளையும் வைத்து மக்களின் குற்றங்களை அறிக்கையிடுவார். பின்னர் அது உயிரோடு பாலைநிலத்துக்கு ஓட்டப்படும். 'அசசேல்' என்னும் எபிரேயச் சொல் அங்கே வருகிறது. அது இடத்தின் பெயரா, பேயின் பெயரா, 'போகும் ஆடு' என்ற பொருளதா என அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். புனித எரோணிமுஸ் இலத்தீனில் 'அனுப்பிவிடப்படும் ஆடு' என்று கொண்டார். 1530இல் ஐந்நூல்களை ஆங்கிலமாக்கிய வில்லியம் டின்டேல், தப்பித்தலைக் குறிக்கும் 'எஸ்கேப்' என்ற சொல்லின் தலையைக் களைந்து ஆட்டோடு ஒட்டினார். அவர் 1536இல் பிரசெல்சு அருகே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய சொல்லோ 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் ஏறி நிலைபெற்றது. அதே காலத்துக் கத்தோலிக்க டூவே பதிப்பு எரோணிமுசைப் பின்பற்றி 'எமிசரி கோட்' என்று எழுதியது. அதை நினைவில் வைத்திருப்பார் அரியர். சொல்வழக்கு சபை பார்த்து வருவதில்லை போலும்!

சீர்திருத்தச் சபையினரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'போக்காடு' என்ற சொல் உண்டு. மிகப் பொருத்தமான சொல். ஆனால் பேச்சில் வேரூன்றவில்லை. 'சேலம் கருப்பு' என்று ஓர் ஆட்டினத்துக்கே பெயர் தந்த மண் நம்முடையது. திருவிழாவில் கிடா வெட்டுவதைக் காணாதவர் இங்கே குறைவு. ஆகவே பழி சுமப்பவன் என்றதும் வெட்டுண்ட கிடாவே நம் கண்முன் நிற்கிறது. நேர்ந்துவிட்ட அந்தக் கிடா எவர் பழியையும் சுமப்பதில்லை. அது நன்றிக் காணிக்கை.

லேவியர் நூலின் ஆட்டுக்கு நம் ஊர்ப்புறங்களில் இணை தேடினால், ஊர்க்கூட்டம் தள்ளிவைத்த குடும்பத்தையே காட்டத் தோன்றுகிறது. அக்குடும்பத்தை எவரும் கொல்வதில்லை. ஊரார் பூசல் முழுவதும் அதன் தலையில் ஏற்றப்படுகிறது. தண்ணீரும் நெருப்பும் பேச்சும் மறுக்கப்படுகின்றன. எல்லைக்கு அப்பால் அது உயிரோடிருக்கிறது. ஊரோ அன்றிரவு நிம்மதியாக உறங்குகிறது.